ஹார்ட்லி என்றால் நன்றாக

2010-இல் என் மகன் பூனாவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மராட்டி தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் மட்டும்தான். அதுவும் அவளிடம் மூட்டையாக இருந்தது, என்னிடம் ஒரு கைப்பிடி. நான் ஐந்தாவது வரை படித்தவள். தமிழில் பேசவே கூச்சம். டவுன் பஸ்ஸில் இறங்குமிடம் வந்தும் வாய்விட்டுச் சொல்லாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஜாதி.

கல்யாணமான நாலாம் மாதம் மகனைக் கம்பெனியில் மூன்று மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மருமகளைக் கடலூரில் என்னிடம் கொண்டுவந்து விட்டான். கிளம்பும்போது என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னான்.

"இந்தப் பக்கத்து மாமியாருங்கன்னா கொடுமைக்காரிங்கன்னு அவுங்க வீட்ல பயமுறுத்தி வெச்சிருக்காங்கம்மா. மூணு மாசம் அவ இங்க இருந்துட்டா போதும், எல்லாம் சரியாயிடும். பாதியில கெளம்பிட்டான்னா அப்புறம் இந்த வாசப்படியே மிதிக்கமாட்டா. உன் கையிலதான் இருக்கு."

என் கையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் காலேஜ் பையன்கள் தங்குகிற தெருவில் பன்னிரண்டு வருஷம் இட்லிக் கடை வைத்திருந்தேன். பிளேட்டு, எக்ஸ்ட்ரா, அரியர், ஹார்ட் ஒர்க்கு எல்லாம் அங்கே காதில் விழுந்தவை. அது போதாதென்று, மருமகள் வருகிற வாரம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குள் ஏறி விற்பார்களே, அந்த மாதிரி ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன். கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும் என்று ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில், ஸ்லோ என்றால் மெது, ஸ்லோலி என்றால் மெதுவாக. குயிக் என்றால் வேகம், குயிக்லி என்றால் வேகமாக. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இங்கிலீஷின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. லி போட்டால் 'ஆக'. இதற்குப் போயா பையன்கள் அரியர் வைத்தார்கள் என்றுகூட நினைத்தேன்.

முதல் நாள் காலையில் மருமகள் முன்னால் தட்டை வைத்து, "யூ மஸ்ட் ஈட்" என்றேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். மத்தியானம் "யூ மஸ்ட் ஸ்லீப்." போய்ப் படுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"இன்னாக்கா, போலீசு மாதிரி மெரட்டிக்கினு கெடக்கிற?"

"சாப்ட்டே ஆவணும்னு சொல்றேன்டி. பாசமா."

"அது மூஞ்சியில பாசத்தக் காணமே."

மூன்றாம் நாள் மருமகளே வாயைத் திறந்தாள். தட்டைப் பார்த்து மெதுவாக, "ஐ கேன் ஹார்ட்லி ஈட், அம்மா" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. ஐ கேன், என்னால் முடியும். ஈட், சாப்பிட. ஹார்ட் ஒர்க்கு என்றால் நன்றாக உழைப்பது. அப்படியானால் ஹார்ட்லி? நன்றாக. 'என்னால் நன்றாகச் சாப்பிட முடியும் அம்மா.' கண் கலங்கிவிட்டது. இன்னும் இரண்டு இட்லி வைத்து, மிளகாய்ப்பொடியும் ஒரு கரண்டி போட்டேன்.

அடுத்த நாளும் அதையே சொன்னாள். இன்னும் ஒன்று வைத்தேன். ஒருநாள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஐ கேன் ஹார்ட்லி ஸ்லீப் ஹியர்" என்றாள். "குட், குட்" என்றேன். மகன் போன் பண்ணியபோது பெருமை தாங்கவில்லை.

"நல்லா சாப்புடுது, நல்லா தூங்குதுடா. அதுவே எங்கிட்ட சொல்லிச்சு."

"அப்பிடியாம்மா? எங்கிட்ட ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறா."

மாமியாரிடம் சொல்கிறாள், புருஷனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரி மறுபடி மதிலுக்கு வந்தாள்.

"இன்னாக்கா, உன் மருமவ எளச்சிக்கினே போவுது?"

"அஞ்சு இட்லி திங்குதுடி."

"அது திங்கல. எங்க வீட்டு ஆடு திங்குது. தெனம் மதிலுக்கு மேலால போடுது. ஆடு பெருத்துப்போச்சு, வந்து பாரு."

மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஆடு பெருத்துத்தான் இருந்தது. ஆனாலும் அவள் வாயாலேயே நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொன்னாளே. ஆட்டுமேல் பிரியம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கண் சிவந்து வந்து என் முன்னால் நின்றாள். "அம்மா, ஐ ஷுட் ப்ராபப்லி கோ."

நடுவிலிருந்ததெல்லாம் விளங்கவில்லை. கோ மட்டும் விளங்கியது. போகிறாள். மகன் சொன்னது நடக்கப்போகிறது. இங்கேயே உறுதியாக, உரிமையாக இரும்மா என்று சொல்லவேண்டும். ஸ்டே தெரியும், ஹியர் தெரியும். மஸ்ட் போட்டால் போலீஸ் மாதிரி ஆகிவிடும். அதை விட்டால் பலமாகச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அவள் கையைப் பிடித்து, சிரித்த முகமாக, தெளிவாகச் சொன்னேன்.

"நோ. யூ கேன் ஹார்ட்லி ஸ்டே ஹியர்."

அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. உருகிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் அறைக்குள் ஓடினாள். நான் திருப்தியாகக் காபி போடப் போனேன். பையின் ஜிப்பு இழுபடுகிற சத்தம் கேட்டபோதுகூட, துணி எடுத்து அடுக்குகிறாள், இருக்கப்போகிறாள் என்றுதான் எண்ணினேன்.

போன் அடித்தது. மகன்.

"அம்மா, அவ போன் பண்ணி அழுவுறா. இங்க இருக்க முடியாதுன்னு அவகிட்ட சொன்னியா?"

"ஐயையோ, நான் நல்லா இருன்னுதானடா சொன்னேன். ஹார்ட்லி ஸ்டேன்னேன்."

"ஹார்ட்லின்னா நல்லான்னு யாரும்மா சொன்னது?"

"லி போட்டா 'ஆக' இல்லியா? ஸ்லோலி மாதிரி?"

"இதுக்கு மட்டும் இல்லம்மா. கேன் ஹார்ட்லின்னா கிட்டத்தட்ட முடியலன்னு அர்த்தம். தூங்க முடியல, சாப்புட முடியலன்னுதான் அவ சொல்லியிருக்கா."

பதினைந்து நாளும் என் கண்முன் வரிசையாக வந்து நின்றது. அந்த மிளகாய்ப்பொடி. குட், குட்.

"போன அவகிட்ட குடு, நான் சொல்றேன்."

"வேணாம்டா. கெடுத்தது நானு." போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எந்த பாஷையில் சொல்லப்போகிறேன் என்ற யோசனை வந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வந்த அன்றைக்கு இறக்கிவிட்ட ஆட்டோதான்; அந்த நம்பருக்கு அவளே போன் பண்ணி வரவழைத்திருக்கிறாள். நான் அறை வாசலில் நின்று, "ஹார்ட்லி" என்றேன். அவள் பயந்து பார்த்தாள். நெஞ்சில் கை வைத்து, "ஐ திங்க், ஹார்ட்லி குட். வெரி குட்" என்றேன். தட்டில் இட்லி வைப்பதுபோல் காட்டினேன். "யூ ஹார்ட்லி ஈட். ஐ ஹேப்பி. மோர், மோர்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையின்மேல் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று கிட்டே போனேன். சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது.

"யூ கோ?" என்றேன்.

"ஐ வில் ப்ராபப்லி ஸ்டே."

மறுபடி ஒரு லி. இனி எந்த லியையும் நம்புவதாக இல்லை. சொம்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, அடியிலிருந்து வாய்வரை விரலை ஓட்டிக் காட்டினேன். "ப்ராபப்லி எவ்வளோ?" அவள் யோசித்து, முக்கால் உயரத்தில் விரலை வைத்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. போனேன்.

"இன்னாம்மா, பொண்ணு வருதா வரலியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"முக்காவாசி வராது."

"முக்காவாசின்னா நான் நிக்கணுமா, கெளம்பலாமா?"

"தாராளமா கெளம்பலாம்" என்றேன்.