பதினொரு லிஃப்ட் உள்ள ஊர்

கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, அந்த ஊரில் மொத்தம் எத்தனை லிஃப்ட் இருக்கிறது என்பதுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். பெருநகரத்தில் அவரும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து நானூறு லிஃப்டுகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினொண்ணு,” என்றார் அவர்.

“பதினொண்ணுக்கு ஒரு மெக்கானிக்கா? நல்லா இருக்கே கதை.”

“ஆளில்லாம அதுல நாலு நின்னு கிடக்காம். ஒரு வருஷம் இருந்து பாரு, ஒத்து வரலைன்னா திரும்பி வந்துடுன்னு சொல்றாங்க.”

ஒரு வருஷம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தலையாட்டினாள். நாலு வயதில் ஒரு பெண், ஏழு மாதத்தில் ஒரு பையன். ரயில்வேயில் ஒரு வருடத்துக்குச் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தாள். கொடுக்கும்போதே மேலதிகாரியிடம், “என் நாற்காலியை யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க சார்,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த நாற்காலி பெரிய ரயில் நிலையத்தின் முதல் பிளாட்பாரத்துக்கு மேலே, கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் இருந்தது. எதிரே ஒரு மைக், ஒரு சுவிட்சு, மூன்று டெலிபோன்கள். எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன குரல் அவளுடையது. ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்தாள். கூட வேலை செய்தவர்கள் அவளை ‘மைக்’ என்றே கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவளிடம் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. வண்டி நேரத்துக்கு வருகிறது என்பதை யார் சொன்னாலும் ஒன்றுதான். இரண்டு மணி நேரம் தாமதம் என்பதைத்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் மைக்கைப் பார்த்து ஒரு தடவை சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு குரலில் இறங்கிவிடும். கீழே பெட்டியின்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் குறைத்துத் திட்டுவார்கள்.

சின்ன ஊரின் ரயில் நிலையத்தில் நாளைக்கு நாலு வண்டிதான் நின்றது. வந்து இறங்கிய அன்று, இடுப்பில் பையனோடு பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு, “ஸ்பீக்கரே காணோமேங்க,” என்றாள்.

“வண்டிதான் கண்ணுக்குத் தெரியுதே, அப்புறம் எதுக்கு?” என்றார் அவர். அவளுக்கு அன்று அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

கடைத்தெருவில், ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்கு மேலே வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு நீள ஜன்னல். சாமான் வந்த பதினாறு அட்டைப்பெட்டிகளில் ஏழு பெட்டியைத்தான் அவள் பிரித்தாள். மற்றவை சுவரோரம் அடுக்கியபடியே கிடந்தன. பெண் அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்து ரயில் ஓட்டினாள். தம்பி பயணி.

மாடியில் டெலிபோன் கிடையாது. லிஃப்ட் நின்றுபோனால் கீழே வாட்ச் கடைக்குத்தான் போன் வரும். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே படியடியில் வந்து நின்று குரல் கொடுப்பார்.

“தங்கச்சி, துணிக்கடையில லிஃப்ட் பாதியில நிக்குதாம். உள்ள ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்களாம்.”

“ஐயையோ, அவர் இப்பதான் சாப்பிட உக்காந்தாரு.”

“மெதுவா வரட்டும். உள்ள இருக்கிறவங்க பேசிக்கிட்டிருக்காங்களாம், ஒண்ணும் அவசரமில்லையாம்.”

அந்த ஊரின் குணமே அதுதான். யாருக்கும் காலில் சக்கரம் இல்லை. நல்லது என்று எடுத்துக்கொண்டால் நல்லது. ஆனால் பையன் முந்தைய நாள் சாயங்காலம் அழுதது மூன்று கடை தள்ளி இருந்த செருப்புக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. “பல்லு முளைக்குதோ?” என்று விசாரித்தார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. பெருநகரத்தில் லட்சம் பேருக்கு அவள் குரல் தெரியும், ஒருத்தருக்கும் முகம் தெரியாது. அந்த ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இங்கே அவள் லிஃப்ட்காரர் சம்சாரம். பேச வேண்டும் என்று நாக்கு நமநமத்தது. சில சமயம் ஜன்னல் ஓரம் நின்று, தெருவில் போகிற பஸ்ஸுக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மெல்லிய குரலில் அறிவிப்புச் சொல்லிப் பார்ப்பாள். பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

ஊருக்கு ஒரே ஒரு குழந்தை டாக்டர். அவர் வியாழக்கிழமை இருக்க மாட்டார். ஒரு வியாழக்கிழமை பையனுக்குக் காய்ச்சல் கொதித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வாட்ச் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு டாக்சி பிடித்துவந்தார். அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். அவ்வளவு தூரமும் பையனின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு போனாள். பிழைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது, “வருஷம் முடிஞ்சதும் கிளம்பிடறோம்,” என்றாள். கூட வந்த கணவர் தலையாட்டினார்.

பத்தாவது மாதம் ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது. அறிவிப்புக்கு மிஷின் வரப்போகிறது, இனி ஆள் தேவைப்படாது, அவளுக்குப் பார்சல் ஆபீசில் மேசை வேலை உண்டு. கூடவே ஒரு வேண்டுகோள். மிஷினில் போடுவதற்கு அவளுடைய குரல்தான் வேண்டும், இரண்டு நாள் வந்து பதிவு செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

கை ஒடிந்தது போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் போனாள். பிள்ளைகளைக் கணவர் விடுப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஒரு குட்டி அறை. காதில் ஹெட்போன் மாட்டிய எஞ்சினியர் ஒருவர். பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். பிறகு ஊர்ப் பெயர்கள். பிறகு ‘வந்து சேரும்’, ‘புறப்படும்’, ‘தாமதமாக’. ‘வருந்துகிறோம்’ என்ற ஒரே சொல்லைப் பதினாலு தடவை சொல்லவைத்தார்.

“இவ்வளவு வருத்தம் வேண்டாம் மேடம். சாதாரணமா வருந்துங்க.”

“எந்த வண்டிக்குன்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி வருந்தறேன்.”

“எல்லா வண்டிக்கும் இதேதான்.”

பதினைந்தாவது தடவை, எந்த வண்டியையும் மனதில் வைக்காமல் சொன்னாள். எஞ்சினியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தொண்டையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்ததாகப் பிற்பாடு கணவரிடம் சொன்னாள்.

பார்சல் ஆபீசில் சேர ஒரு மாதம் கெடு. ஊருக்குத் திரும்பிய அன்றே சண்டை ஆரம்பித்துவிட்டது.

“உன் இஷ்டம் மைக். நீ சொன்னா நான் திரும்ப மாற்றல் கேக்கறேன்.”

“எல்லாம் என் இஷ்டம்னா உங்களுக்குன்னு ஒரு இஷ்டமே கிடையாதா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீதானே சொன்னேன்னு கைகழுவறதுக்கா?”

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

“அங்க பாப்பா முழிச்சிருந்து நான் பாத்தது ஞாயித்துக்கிழமை மட்டும்தான்,” என்றார் கடைசியில். “இங்க இவளுக்கு நான் யாருன்னு தெரியுது. எனக்கு இங்கதான் இஷ்டம். ஆனா அந்த வியாழக்கிழமையை நினைச்சா எனக்கே பயமா இருக்கு. என்ன சொல்லச் சொல்றே?”

பார்சல் ஆபீஸ் உத்தரவு ஜன்னல் கம்பியில் செருகியபடியே இரண்டு வாரம் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை, பத்தரை மணி இருக்கும். பையனைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் பெண்ணைக் காணோம். அறையில் இல்லை, பெட்டி ரயிலில் இல்லை, படியில் இல்லை. துண்டு சுற்றிய பிள்ளையோடு கீழே ஓடிவந்தாள்.

வாட்ச் கடைக்காரர் தலையைத் தூக்கினார். “பாப்பாவா? செருப்புக்கடைப் பக்கம் போச்சே. நீதான் அனுப்பினேன்னு நினைச்சேன்.” பையனை அவரே கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

செருப்புக்கடைக்காரர், “இப்பதான் மருந்துக்கடையைத் தாண்டிச்சு. ரோடு தாண்டாதேன்னு சொல்லித்தான் விட்டேன்,” என்றார். மருந்துக்கடையில் இருந்த பெண், “செருப்பை மாத்திப் போட்டிருந்துச்சு, சரியா மாட்டி விட்டேன்க்கா, நேரா போச்சு,” என்றாள். சைக்கிள் கடை வாசலில் காற்றடித்துக்கொண்டிருந்தவர், இவள் வாயைத் திறக்கும் முன்பே துணிக்கடைப் பக்கம் கையைக் காட்டினார்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த ஒன்பது வருடத்தில் காணாமல்போன எத்தனையோ குழந்தைகளுக்காக அவள் மைக்கில் அறிவித்திருக்கிறாள். நீலச் சட்டை அணிந்த மூன்று வயதுக் குழந்தை, சிவப்புக் கவுன் அணிந்த ஐந்து வயதுக் குழந்தை. மூன்று தடவை சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். அதில் யார் கிடைத்தார்கள், யார் கிடைக்கவில்லை என்று ஒருவரும் மேலே வந்து சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

துணிக்கடைக்கு மூன்று மாடி. லிஃப்ட் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றிருந்தார்கள். கதவு திறந்தது. உள்ளே லிஃப்ட் ஓட்டுகிறவர் சுவரில் சாய்ந்து நிற்க, அவருடைய ஸ்டூலில் பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பொத்தான்கள் இருந்த பலகையைப் பார்த்து முதலில் ஒரு சிரிப்புச் சிரித்தது. பிறகு நிதானமாக ஆரம்பித்தது.

“பயணிகளின் அன்பான கவனத்திற்கு. இரண்டாவது மாடி செல்லும் லிஃப்ட் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். தாமதத்திற்கு வருந்துகிறோம்.”

கூட்டத்தில் ஒருவர், “நான் மூணாவது தடவையா ஏறறேன். எனக்கு ஒண்ணும் வாங்க வேண்டியதில்லை,” என்று பக்கத்தில் நின்றவரிடம் ரகசியமாகச் சொன்னார்.

அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அங்கே நின்றவர்களுக்கும் தெரியவில்லை. “அம்மா, நீயும் ஏறு. எடம் இருக்கு,” என்றது பெண். ஏறினாள். மூன்றாவது மாடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

அன்று மத்தியானம் கணவரிடம், “மிச்சப் பெட்டியைப் பிரிச்சிடலாம்,” என்றாள்.

“பார்சல் ஆபீஸ்?”

“வரலைன்னு எழுதிடறேன். ஆனா எனக்கு இதுல முழுச் சந்தோஷம்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. முக்கால்தான்.”

“முக்கால் போதும்,” என்றார் அவர். வியாழக்கிழமைக்காக, அடுத்த ஊர் ஆஸ்பத்திரி எண்ணையும் டாக்சிக்காரர் எண்ணையும் ஒரு அட்டையில் எழுதி வாட்ச் கடை டெலிபோனுக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தார்.

மீதிக் கால் எங்கேயும் போய்விடவில்லை. முதல் இரண்டு வருடம், தூரத்தில் ரயில் கூவும்போதெல்லாம் அவளுக்கு வாய் அசையும். பிறகு உள்ளூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புகிற வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தாள். டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்பதை அவள் சொன்னால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆனபோது வேறு மாதிரிக் கணக்கு வந்தது. நல்ல கணக்கு வாத்தியார் அடுத்த ஊரில்தான் இருந்தார். காலை ஐந்தே முக்கால் வண்டியில் தூங்கி வழிந்துகொண்டே போய்வந்தவள், ஒரு நாள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்டாள். “இந்த ஊர்ல என்ன இருக்குன்னு ரெண்டு பேரும் உக்காந்துட்டீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

லிஃப்ட் கதையைச் சொல்லலாமா என்று அம்மா நினைத்தாள். நாலு வயதுப் பிள்ளை சொன்னதைப் பதினைந்து வயதுப் பிள்ளைமேல் சுமத்துவது நியாயமில்லை என்று தோன்றியது. “கேக்கலைம்மா. தப்புதான்,” என்றாள். பெண் அதை எதிர்பார்க்கவில்லை. பையைத் தானே எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

படிக்கப் பெருநகரம் போன முதல் நாள், அந்தப் பெண்ணே ரயில் நிலையத்திலிருந்து போன் செய்தாள். “அம்மா, இங்க இறங்கினதுலேர்ந்து நீ என்கிட்ட வருத்தம் தெரிவிச்சிக்கிட்டே இருக்க.” இரண்டு பேருமே சிரித்தார்கள். சில வருடங்களுக்குப் பிறகு அந்த மிஷினையும் மாற்றிவிட்டு வேறு யாருடைய குரலையோ போட்டுவிட்டார்கள். அதை அவளுக்கு யாரும் எழுதித் தெரிவிக்கவில்லை. பையன்தான், அந்த வழியாகப் போனபோது கேட்டுவிட்டு வந்து சொன்னான்.

இப்போது பெண் ஒரு ஊரில், பையன் ஒரு ஊரில். கணவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஊரில் லிஃப்டுகள் நூறைத் தாண்டிவிட்டன. குழந்தை டாக்டர்களே ஆறு பேர் இருக்கிறார்கள், வியாழக்கிழமையும் வருகிறார்கள். மாடி வீட்டை விட்டு வேறு வீடு மாறியும் பல காலம் ஆகிவிட்டது.

அவளுக்கு ஞாபகத்தில் திரும்பத் திரும்ப வருவது, இன்னதென்று முடிவாகாத அந்த முதல் வருடத்தின் மத்தியானங்கள். ஒரு மணிக்கு முன்னாலேயே கணவர் கையில் கிரீஸ் வாசனையோடு படியேறி வந்துவிடுவார். பெருநகரத்தில் அப்படி ஒரு நாள்கூட நடந்ததில்லை. பிள்ளைகள் இரண்டும் அப்போதுதான் தூங்கியிருக்கும். பேசினால் எழுந்துவிடும். பாத்திரம் சத்தம் போடக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரே தட்டில், ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். போதுமா என்று அவள் புருவத்தைத் தூக்கிக் கேட்பாள். இன்னும் கொஞ்சம் என்று அவர் விரலைக் காட்டுவார். இன்று எத்தனை நின்றது என்று அவள் கையால் மேலும் கீழும் காட்டிக் கேட்பாள். இரண்டு, என்பார் அவர், விரலால். பேசுவதையே பிழைப்பாக வைத்திருந்தவள், அந்த அரை மணி நேரம் ஒரு சொல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போவார்கள். பையன் புரண்டு படுப்பான். இரண்டு பேரும் கையைத் தட்டில் வைத்தபடியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவன் எழ மாட்டான்.