ஜன்னலுக்குத் தைத்த டவுசர்

துணி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வயதில், நாலு பக்கமும் மில் சங்கு ஊதுகிற கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும். அது என்னிடம் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் போத்தனூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். முன் அறைதான் அவளுடைய கடை. ஒரு தையல் மெஷின், ஒரு நாற்காலி, ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் எங்களைப் பார்ப்பார்கள். ஜன்னல் கதவைச் சாத்தினால் உள்ளே வெந்துபோவோம். அதனால் வருகிற பெண்கள், அளவுக்கென்று ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

அப்போதுதான் அடுத்த வீதியில் இருந்த ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குப் பதினெட்டு ஜாக்கெட் தைக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினார். கல்யாணப் பெண்ணுக்குப் பழைய ஜாக்கெட் அளவு ஆகாது, நேரில் அளவெடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வருகிறோம், மறைப்பு இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்பது நிபந்தனை. என் மனைவிக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது.

திங்கட்கிழமை அவள் தன் அண்ணன் மகளின் காதுகுத்துக்குப் பொள்ளாச்சி கிளம்பினாள்.

“ஏனுங்க, காந்திபுரம் போனா சன்னல் மறைப்புக்குக் காடாத்துணி நாலு மீட்டர் வாங்கி வையுங்க. நான் வந்து அரை மணி நேரத்துல அடிச்சுபோடறேன்.”

“நீ நிம்மதியாப் போயிட்டு வா அம்மணி. திரைச்சீலைன்னா என்ன, நாலு நேர்கோடு. ஆபீஸ் ரிஜிஸ்டர்ல தெனமும் நானூறு கோடு போடறவன் நான்.”

“மெஷினைத் தொட்டுபோடாதீங்க,” என்றாள். அவள் பஸ் ஏறியதும் தொடுவதற்கான ஏற்பாடுகளை ஆரம்பித்தேன்.

காந்திபுரத்தில், திருப்பூர் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணியை எடைபோட்டு விற்கும் பாய் கடை ஒன்று இருந்தது. அங்கே இளநீலத்தில், பூனைக்குட்டி முதுகு போல மெத்தென்று ஒரு துணியைப் பார்த்து மயங்கினேன்.

“கொழந்தைக்குத் தைக்கறதுக்குங்களா?” என்றார் பாய்.

“இல்லீங்க பாய், சன்னலுக்கு.”

அவர் தராசை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். “இது பனியன் துணிங்க.”

“மனுசனோட மானத்தையே காப்பாத்துது. சன்னலுக்கு அதைவிடப் பெரிய மானமுங்களா?”

பாய் சிரித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். எச்சரித்தவரை ஜோக்கடித்து வாயடைத்துவிட்ட சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீடு வந்தேன்.

செவ்வாயிலிருந்து நாலு நாள் லீவு போட்டு, முதல் நாளே தைத்தேன். வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டது. நான் நிமிர்த்துவேன், அது சுருளும். ஊசி மூன்று தையல் போட்டு நாலாவதைத் தாண்டிக் குதித்தது. ஆனாலும் சாயங்காலம் ஸ்பிரிங் கம்பியில் கோத்து மாட்டியபோது, ஜன்னலுக்குக் கீழே சரியாக நாலு விரற்கடை தொங்கியது. காலண்டர் படத்தில் வரும் வீடு மாதிரி இருந்தது. வாசலுக்குப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை அது ஒரு சாண் இறங்கியிருந்தது. கம்பி தொய்ந்துவிட்டது என்று ஆணியை மாற்றி அடித்தேன். மத்தியானம் இன்னும் இறங்கியது. தொங்கத் தொங்க, தன் கனத்திலேயே பனியன் துணி நீளும் என்பது எனக்கு யாரும் சொல்லாத செய்தி. இல்லை, பாய் சொல்ல வந்த செய்தி. பிள்ளை வளர்ந்தால் சந்தோஷப்படலாம், திரைச்சீலை வளர்ந்தால் வெட்டத்தான் வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து மிச்சத்தை வெட்டினேன். வியாழக்கிழமை காலையில் மறுபடியும் வளர்ந்திருந்தது. மறுபடியும் வெட்டினேன்.

வெட்டும்போதுதான் மெஷின் எண்ணெய்க் கறையைப் பார்த்தேன். மனைவிக்குத் தெரியக்கூடாதே என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து வெயிலில் போட்டேன். கறை போயிற்று. அதோடு பாதித் திரைச்சீலையும் போயிற்று. மாட்டிப் பார்த்தால் ஜன்னலின் இடுப்புக்கு மேலே நின்றது. வளர்ந்ததையெல்லாம் நான் வெட்டிவிட்டேன், மீதியை வெந்நீர் சுருக்கிவிட்டது.

தொங்கினால் நீளும் துணிதானே என்று என் விஞ்ஞான மூளை வேலை செய்தது. இரண்டு கீழ் முனைகளிலும் அரைச் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து மனைவி வந்து இறங்கினாள். செங்கல் கட்டிய இரண்டு முனைகளும் கால்கள் மாதிரி நீண்டு தொங்க, நடுப்பகுதி மட்டும் மேலேயே நின்றது. அவள் பையைக் கீழே வைக்காமலே பார்த்தாள்.

“இதென்னங்க, சன்னலுக்கு டவுசர் போட்டு உட்டிருக்கறீங்க?”

அதற்குள் வாசலில் குரல் கேட்டது. பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன அம்மா ஒன்பதரைக்கே மகளோடு வந்து நின்றார். மனைவி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

ரோட்டிலிருந்து பார்த்தேன். டவுசரின் இரண்டு காலுக்கும் நடுவே அறை பளிச்சென்று தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர். பதினெட்டு ஜாக்கெட்டும் போயிற்று, இனி என் மனைவி என்னோடு பேசமாட்டாள், பொள்ளாச்சியில் அவளுடைய அண்ணன் ஆள் திரட்டுவார் என்று மூன்று விநாடிக்குள் கடைசிவரை யோசித்துவிட்டேன். கொடியில் பவானி ஜமுக்காளம் காய்ந்துகொண்டிருந்தது. அதை உருவி, தலைக்குமேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றேன். திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று திரும்பவும் இல்லை.

பஸ் ஸ்டாப்பிலிருந்து குடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் ரோட்டைத் தாண்டி வந்தார்.

“ஏனுங்க, ஜமுக்காளம் என்ன வெலைங்க?”

“விக்கறதுக்கு இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குங்க இப்பிடி விரிச்சுக் காட்டறீங்க?” ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். “சாயம் போகுமுங்களா?”

“போகாதுங்க,” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

“பின்ன ஒரு வெலை சொல்லுங்க.”

அவருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அகலம் போதாது என்றார். டவுன் பஸ் ஒன்று வந்து போனது, மூவரில் யாரும் ஏறவில்லை. நான் ஜமுக்காளத்தை இன்னும் தூக்கிப் பிடித்தேன். அப்போது வீட்டுக் கதவு திறந்தது.

“ஏனுங்க, நீங்க உள்ள வருவீங்கன்னு நான் பாத்துட்டிருக்கறேன். இங்க நின்னு என்னத்தப் பண்றீங்க?”

தாயையும் மகளையும், அவர்கள் வந்த உடனேயே அவள் சமையலறைக்கு அழைத்துப் போய், அங்கே வைத்து அளவெடுத்திருந்தாள். பதினெட்டு ஜாக்கெட்டையும் அவளிடமே ஒப்படைத்து, காபி குடித்துவிட்டு, அவர்கள் பின்வாசல் வழியாகப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.