கோயம்புத்தூர் கிடைக்குமா

தியாகதுருகத்தில் உரக்கடை வைத்திருக்கும் எனக்கு ஆண்டில் ஒன்பது மாதம் ஒரு வேலை, மே முதல் ஜூலை வரை இரண்டு வேலை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே இரண்டாவது வேலை ஆரம்பித்துவிடும். யூரியா வாங்க வருகிறவர் மூட்டையைத் தூக்குவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து மார்க் ஷீட் ஜெராக்ஸை எடுத்து நீட்டுவார். "அண்ணே, எம் பொண்ணுக்கு எந்தக் காலேஜு கிடைக்கும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

எனக்கு இந்தப் பெயர் வந்ததே ஒரு விபத்து. அண்ணன் மகனுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எது கிடைக்கும் என்று ஒரு வருடம் பார்த்துச் சொன்னேன். நான் சொன்ன கல்லூரி, நான் சொன்ன பிரிவு, அப்படியே விழுந்தது. அதோடு ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் படித்தது டிப்ளமோ, அதிலும் இரண்டு அரியர் இன்னும் பாக்கி என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. கணக்கு மார்க்கை அப்படியே நூறுக்கு வைத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கிக் கூட்டினால் இருநூறுக்கு ஓர் எண் வரும். அதுதான் கட் ஆஃப். சென்ற மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பிடித்தவரின் கட் ஆஃபை பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்றில் ஒன்றைச் சொல்வேன். "கைக்கு வந்தாச்சு." "பாதிக்குப் பாதி." "சாமி கும்பிடு." கேட்டவர் பெயரோடு அதை ஒரு நோட்டிலும் எழுதி வைப்பேன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கு உரம் வாங்க வருகிறவர்கள்கூட இந்த மூன்று வார்த்தைக்காக அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். மழை வருமா என்று என்னைக் கேட்காததுதான் மிச்சம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். விருப்பப் பட்டியல் போடும்போது கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்திவிடும். அதனால் ஆசைப்படும் கல்லூரியை மேலே போட வேண்டும், நிச்சயமானதைக் கீழே போட வேண்டும். நம் ஆட்கள் தலைகீழாகப் போடுவார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போட்டுவிட்டு, "அது கிடைக்கலன்னா தூரத்துக்குப் போவலாம்" என்பார்கள். போன வருடம் களமருதூரிலிருந்து வந்த ஒருவரை இதற்காகவே கடையில் நாலு பேர் முன்னால் காய்ச்சி எடுத்தேன். மகளுக்கு 185.5 கட் ஆஃப். கோயம்புத்தூரில் எலக்ட்ரிகல் பாதிக்குப் பாதி என்றேன். "அம்மாந்தூரம் பொம்பளப் புள்ளைய எப்படிங்க அனுப்பறது?" என்று தலையைச் சொறிந்தார். "தூரத்தைப் பார்த்துக்கினு இருந்தா படிப்பு இன்னாத்துக்கு ஆவும்? முதல்ல கோயம்புத்தூர போடுய்யா" என்று நானே பேனாவைப் பிடுங்கி எழுதினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

அதே வாரம்தான் என் மகளுக்கும் பட்டியல் போட வேண்டியிருந்தது. எங்களுக்கு அவள் ஒரே பெண். கட் ஆஃப் 186.5. கோயம்புத்தூரில் எலக்ட்ரிகல் படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழகாகப் பட்டியல் போட்டேன். முதலில் சேலம், அடுத்து விழுப்புரம், பிறகு இன்னும் சில. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வாய்ப்பையும் எழுதினேன். கோயம்புத்தூர் பன்னிரண்டாவது இடத்தில் இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் "சாமி கும்பிடு."

"கோயம்புத்தூர் வராதாப்பா?" என்றாள்.

"இந்த வருஷம் போட்டி ஜாஸ்திம்மா. வராததை மேல போட்டு எதுக்கு ஆசைப்படணும்?"

அவள் தலையாட்டினாள். ஸ்பைரல் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண் எவ்வளவு அடக்கம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராஃப் தாள் இருந்தது. கீழே ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு கோடு, நடுவில் பன்னிரண்டு புள்ளிகள். நான் போட்ட கல்லூரிகள்தான். புள்ளிகளை இணைத்தால் மாடிப்படிபோல ஒழுங்காக இறங்கிக்கொண்டே போனது.

"கீழ இருக்கிறது இன்னாம்மா, கட் ஆஃபா?" என்றேன்.

"இல்லப்பா. நம்ம வூட்டுலேருந்து கிலோமீட்டர்."

என் மனைவி தோசைத் திருப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். மகள் ஆசிரியர் மாதிரி விளக்கினாள். நான் எழுதிய வாய்ப்புக்கும் கட் ஆஃபுக்கும் சம்பந்தமே இல்லையாம். நூறு கிலோமீட்டருக்குள் இருப்பதெல்லாம் கைக்கு வந்தாச்சு, இருநூறுக்குள் பாதிக்குப் பாதி, அதைத் தாண்டினால் சாமி கும்பிடு. பிறகு என் நோட்டைத் திறந்து களமருதூர்க்காரர் பக்கத்தைக் காட்டினாள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே ரிசர்வேஷன் பிரிவு. அவளுக்கு என்னைவிட ஒரு மார்க் கம்மி. அதே காலேஜு, அதே எலக்ட்ரிகல். அவளுக்குப் பாதிக்குப் பாதி, எனக்கு மட்டும் சாமி கும்பிடா?"

மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னாங்க, ஊருக்கெல்லாம் ஒரு கணக்கு, வூட்டுக்கு ஒரு கணக்கா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மார்க்கெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் போட்டேன் என்று சத்தம் போட்டேன். பாதிச் சத்தத்திலேயே அது பொய் என்று எனக்கே தெரிந்துவிட்டது. வேண்டுமென்று ஏமாற்றவில்லை, சத்தியமாக. எழுதும்போது ஒவ்வொரு எண்ணையும் பார்த்துத்தான் எழுதினேன். ஆனால் கோயம்புத்தூர் என்று எழுதியபோது கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. இட்லியைப் பார்த்துக்கொண்டே, "நீயே போட்டுக்கோ" என்றேன்.

அவள் பட்டியலை மாற்றினாள். கோயம்புத்தூர் முதலில், சேலம் இரண்டாவது, விழுப்புரம் மூன்றாவது. பட்டியலை இனி மாற்ற முடியாதபடி பூட்டுவதற்கான ஓடிபி என் போனுக்குத்தான் வரும். வந்தது. ஆறு எண்ணையும் நான் ஒவ்வொன்றாகப் படித்த வேகத்தில் நேரம் முடிந்து, இன்னொன்று வரவழைக்க வேண்டியதாயிற்று.

ஒதுக்கீட்டில் சேலம் கிடைத்தது. மனைவி கேசரி கிண்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலம் என்றால் இரண்டரை மணி நேரம், சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள். கல்லூரியும் நல்ல கல்லூரி. சாமி எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கவுன்சலிங்கில் இன்னொரு வாசல் உண்டு. கிடைத்த இடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அல்லது, எடுத்துக்கொண்டு, மேலே இருக்கும் விருப்பத்தில் யாராவது இடத்தை விட்டால் எனக்குக் கொடு என்றும் சொல்லலாம். அப்படி மேலே போய்விட்டால் பழைய இடம் போனது போனதுதான், திரும்பக் கேட்க முடியாது. முடிவு சொல்ல இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் மகள் கடைக்கே வந்தாள். மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, எல்லாரும் கேட்பதுபோலவே கேட்டாள். "மேல போறதுக்கு எவ்ளோப்பா சான்ஸ் இருக்குது?"

நான் புத்தகத்தை எடுத்தேன். கோயம்புத்தூர் எலக்ட்ரிகலில் முதலில் ஒதுக்கும்போது நின்ற கட் ஆஃபையும், மெடிக்கல் கிடைத்தவர்கள் விட்டுவிட்டுப் போன பிறகு நின்ற கட் ஆஃபையும் மூன்று ஆண்டுக்கும் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் எண் அதற்குள் வசதியாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு முறை கூட்டினேன். அப்படியேதான் இருந்தது.

அவள் புத்தகத்தைக் கேட்கவில்லை. கிராஃப் தாளும் கொண்டு வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்மிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், சேலத்தோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தை என் நாக்கு வரைக்கும் வந்தது. புத்தகத்தை மூடினேன்.

"கிடைச்சிடும்மா. மேல போறேன்னே போடு."

"நெஜமாவா?"

"நெஜமாதான்."

அவள் குதித்து இறங்கி, போனில் அழுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அடுத்த வாரம் முழுக்க கடையில் என்ன விற்றேன் என்றே எனக்குத் தெரியாது. எத்தனையோ பிள்ளைகளுக்கு வாய்ப்புச் சொல்லியிருக்கிறேன், சொன்னது தவறிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான். கோயம்புத்தூர் கிடைத்துவிட்டது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். "சொன்ன மாதிரியே வாங்கிக் குடுத்துட்டீங்களே" என்று எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.