வாத்தியார் வீட்டுக்குள் விழுந்த பிறைகள்

இன்று மத்தியானம் சூரிய கிரகணம் என்று ரேடியோ சொன்னதும் செந்துறையில் எங்கள் தெருவில் முதலில் கதவைச் சாத்தியவர், எட்டாம் வகுப்புக்கு ஒளிப் பாடம் நடத்தும் அறிவியல் வாத்தியார்.

இரவல் வாங்கிய பேப்பரைத் திருப்பிக் கொடுக்கப் போன என்னையும் உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

"வெளிய நிக்காதீங்க, கதிர் மேல பட்டுடும்!"

ஜன்னலெல்லாம் கோணிச்சாக்கு. கும்மிருட்டு. ஓட்டு இடுக்குகள் வழியாக வந்த வெளிச்சம் மட்டும் தரையெங்கும் பிறை பிறையாய் விழுந்தது.

"தோஷம் வூட்டுக்குள்ளயே வந்துட்டுது!" என்று வாத்தியார் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டார்.

"சார், நீங்க நடத்துற ஊசித்துளைக் கேமராதான் இது. பாதி மறைஞ்ச சூரியனோட உருவம் ஓட்டை வழியா தரையில விழுது, அவ்வளவுதான்" என்றேன்.

"அது பரீட்சைக்குங்க. இது வூடு."

வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைகளை அவர் பெஞ்சு மேல் ஏற்றுவார். இன்று யாரும் சொல்லாமலே தானாக ஏறியிருக்கிறார்.

கிரகணம் விட்டதும் நேரே படிப்பகத்துக்கு வந்து இந்தக் கரும்பலகையில் எழுதுகிறேன். மறுப்பு எழுதச் சாக்பீஸ் கீழே இருக்கிறது. பெஞ்சை விட்டு இறங்கியிருந்தால் வாத்தியாரும் வரலாம்.