பூவம்மாள் நிரப்பாத கட்டம்

கருவேலம்பேடு ரயில்வே கேட்டில் பூவம்மாளைப் பிடித்தவர் என்று யாரும் கிடையாது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. அதனால் எட்டு வருஷம் கணக்கு நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் இருந்தவன். மஞ்சள்காமாலையில் போனான். கருணை அடிப்படையில் அவளுக்கு கேட் கீப்பர் வேலை கிடைத்தது. படிப்பு எட்டாம் வகுப்பு. விதிப்புத்தகத்தை எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தாள். படித்ததை அப்படியே செய்தாள். அங்கேதான் வம்பு தொடங்கியது. மீஞ்சூர் பக்கம் போகும் லாரிக்காரன், பழவேற்காட்டிலிருந்து இறால் ஏற்றி வரும் சஹாபுதீன், பள்ளிக்கூட வேன், யாராக இருந்தாலும் கேட் கம்பம் பாதி இறங்கிவிட்டால் அவள் மறுபடி ஏற்ற மாட்டாள்.

"இன்னாமே, ஒரு வண்டிதானே, பூந்துக்கினு போறேன்" என்பான் சஹாபுதீன்.

"பூந்துக்கினு போறதுக்கு இது உன் மாமியார் ஊடா? நில்லுய்யா."

"எறா நாறிடும்மே!"

"நீ நாறாம இருந்தா சரி."

2006ஆம் வருஷம் மாசி மாதத்தில் அந்தப் பாதையின் பழைய சிக்னல்களைக் கழற்றிவிட்டுப் புதிய மின்சார ஏற்பாடு போட ஆரம்பித்தார்கள். இனிமேல் சிக்னலைக் கையால் இழுக்க வேண்டாம், பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்றான் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளன் பாஸ்கர். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் இரண்டு செல்போன். "வெளிநாட்ல டிரைவரே இல்லாம ரயில் ஓடுது. இங்க இன்னும் ஒரு பொம்பள கம்பிய சுத்திக்கினு கீறா" என்று அவள் காதுபடவே சொன்னான்.

"அப்ப நீ எதுக்குய்யா இங்க நிக்கற? உன்னயும் பெட்டிக்குள்ள போட்டுட சொல்லு" என்றாள் அவள்.

வேலை நடக்கும்போது ஒரு ரயிலைக்கூட நிறுத்தக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. பழைய ஏற்பாட்டில், கேட்டைப் பூட்டி அந்தச் சாவியைச் சுவரிலிருக்கும் இரும்புப் பெட்டியில் செருகித் திருப்பினால்தான் ரயிலுக்கு வழிவிடும் சிக்னல் இறங்கும். சாவி பெட்டிக்குள் இருக்கும்வரை கேட்டைத் திறக்க முடியாது. இப்போது அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். புதியது இணைய மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் கேட்டுக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்தது ஒரு டெலிபோனும் ஒரு தாளும் மட்டுமே.

தாளில் இரண்டிலக்க எண்கள் தாறுமாறாக அச்சிட்டிருக்கும். அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் தேசப்பன் போன் செய்வார். அவள் கம்பத்தை இறக்கிப் பூட்டிவிட்டு வந்து, தாளில் அடுத்ததாக உள்ள எண்ணைச் சொல்லி அதை அடித்துவிட வேண்டும். எண் வந்தால் கேட் மூடியாயிற்று என்று அர்த்தம். அவர் அதை எழுதிக்கொண்டு டிரைவருக்குச் சீட்டுக் கொடுப்பார். ரயில் கிளம்பும். எண் என்பது சத்தியம் செய்து கொடுப்பது மாதிரி.

அந்தச் சத்தியத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவதுதான் அங்கே வழக்கமாகப் போயிற்று. இன்னொரு ஷிப்டில் இருந்த சின்னராசு, போன் மணி அடித்ததுமே எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாகப் போய்க் கம்பத்தை இறக்குவான். ரயில் ஊர்ந்து வருவதற்குள் எப்படியும் மூடிவிடலாம். பதிவேட்டில் மட்டும் மூடிய நேரத்தை, எண் கொடுத்த நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னதாக எழுதிக்கொள்வான். அவன் ஷிப்டில் எல்லா ரயிலும் நேரத்துக்குப் போயின.

பூவம்மாள் ஷிப்டில் ஒவ்வொரு ரயிலும் நாலு நிமிஷம், ஆறு நிமிஷம் நின்றது.

முதல் நாளே கேட்டைக் கடந்த ரயிலின் ஜன்னலிலிருந்து டீ கப் பறந்து வந்தது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினார்கள். "ஏ கேட்டம்மா, கம்பெனி கேட்ட சாத்திட்டான், உன் கேட்ட நீயே வச்சிக்க!" இரண்டாம் நாள் தேசப்பன் போனில் கத்தினார்.

"உனக்கு மட்டும் தனி ரூல்ஸா? சின்னராசு மனுசன் இல்ல?"

"மூடிட்டு சொல்றேன் சார்."

"மூடிட்டு, பூட்டிட்டு, பூ வச்சிக்கினு, அப்பறம் வந்து சொல்லு! இந்த வேலை முடிஞ்சதும் இங்க ஒரு ஆள் குறைக்கப் போறாங்க, தெரியுமில்ல? யாருன்னு நான்தான் எழுதணும். கேங்குக்குப் போய் ஜல்லி அள்ளறியா?"

அவள் போனை வைத்தாள். வெய்யிலில் ஜல்லி அள்ளி அள்ளித்தான் புருஷன் ஒடுங்கிப்போனான் என்று அவள் நம்பினாள். கேட்டை ஒட்டியிருந்த ஒற்றை அறை வீடும் கேட் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்குச் சற்று முன்னால் போன் அடித்தது. "சென்னையிலேருந்து பெரிய ஆபீசர் இந்த வண்டியில கீறார்" என்றார் தேசப்பன். குரல் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "இது நின்னுச்சின்னா சாயங்காலமே எழுதிடுவேன். நம்பர் குடு."

அவள் வாசல் வழியாகப் பார்த்தாள். இந்தப் பக்கம் ரோடு காலி. அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு வளைவுவரை காலி. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக விதியை மீறி, கம்பம் மேலே நிற்கும்போதே, "நாற்பத்தேழு" என்றாள். தாளில் நாற்பத்தேழை அடித்தாள். பதிவேட்டில், எண் கொடுத்த நேரம் 8.12 என்று எழுதினாள். ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுழற்றினாள்.

கம்பம் பாதி இறங்கும்போது வளைவிலிருந்து சஹாபுதீனின் டெம்போ வந்தது. இறங்குகிற கம்பத்தைப் பார்த்ததும் மற்ற நாள் மாதிரியே அவன் வேகத்தைக் கூட்டினான். குனிந்து புகுந்துவிட்டான். ஆனால் தண்டவாளத்தின் மறுபக்கத்தை ஒட்டிப் புதுக் கேபிளுக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தின்மேல் கிடந்த இரும்புத் தகட்டை அன்று காலைதான் பாஸ்கரின் ஆட்கள் எடுத்திருந்தார்கள். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வண்டியின் பின்பாதி தண்டவாளத்தின்மேல் நின்றது.

ஸ்டேஷன் பக்கம் ஹார்ன் கேட்டது.

பூவம்மாள் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவே ஓடினாள். செருப்பு ஒன்று ஸ்லீப்பர் கட்டையில் சிக்கிக் கழன்றது. ரயில் அவளுக்கு முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்து, கிரீச்சிட்டு, கொடிக்குப் பத்தடி முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டி அவள் தாயாரைப் பற்றிச் சொன்னதை எழுத முடியாது. அதற்குப் பின்னால் ரயில் முழுக்க இறங்கி வந்து சொன்னதையும் எழுத முடியாது.

தேசப்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பாஸ்கரும் வந்தான். இருவரும் அவளை கேட் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பதிவேடு திறந்து கிடந்தது. எண் கொடுத்தது 8.12. பக்கத்தில் 'கேட் மூடியது' என்ற கட்டம் காலி.

"8.10னு எழுது" என்றார் தேசப்பன். "மூடின கேட்ட ஒடச்சிக்கினு பூந்துட்டான், அவ்ளோதான். பாய்மேல கேஸ். உனக்கு ஒண்ணும் இல்ல, எனக்கும் இல்ல."

"எங்க பள்ளத்தப் பத்தியும் பேச்சு வராது" என்றான் பாஸ்கர்.

வெளியே சஹாபுதீன் கத்திக்கொண்டிருந்தான். "எல்லாம் இந்தப் பொம்பளயால! ஒழுங்கா கேட்டு போடத் தெரியல! என் எறா போச்சி!" ஐஸ் உருகி டெம்போவின் பின்னாலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அவன்மேல் அவளுக்கு எரிச்சல் பொங்கியது. எட்டு வருஷமாக இதே மாதிரி பூந்தவன். ஜெயிலில் கிடந்தால் என்ன? பேனாவை எடுத்தாள். முனை கட்டத்தின்மேல் போய் நின்றது.

எட்டு வருஷப் பதிவேட்டில் அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுதிய நேரம் ஒன்றுகூட இல்லை. இப்போது கடிகாரத்தைப் பார்த்தாள். 8.31. அது எதற்கும் உதவவில்லை.

"எழுதுமே!"

"மூடல சார். அவன் பூந்தான், அது வேற. நான் மூடறதுக்கு முன்னாடி நம்பர் குடுத்தேன். நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன்."

"நான் எங்க கேட்டேன்?" என்றார் தேசப்பன் உடனே.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். கட்டம் காலியாகவே இருந்தது. ரயிலிலிருந்து இறங்கி வந்த அதிகாரி அதை அப்படியே பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நடந்தது. முன்கூட்டியே எண் கேட்டதில்லை என்று தேசப்பன் எழுதிக் கொடுத்தார். சின்னராசுவின் பக்கங்களைப் புரட்டினார்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, எல்லா இடத்திலும் சரியாக இரண்டு நிமிஷ இடைவெளி. ஒழுங்கான ஊழியர் என்றார்கள். பள்ளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட் பூட்டியிருந்ததற்கு எழுத்து இல்லாததால் கேட்டை உடைத்த வழக்கு நிற்கவில்லை. சஹாபுதீன் அபராதத்தோடு போனான். பூவம்மாளைக் கேங்குக்கு மாற்றினார்கள்.

வீட்டைக் காலி செய்த அன்று சஹாபுதீன் டெம்போவில் அந்தப் பக்கமாக வந்தான். சாமான் தெருவில் கிடந்ததைப் பார்த்தான். "மத்தவங்கள எத்தினி நாளு நிக்க வச்ச, இப்ப நீ நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆடி மாதத்தில் அதே கேட்டருகே அவள் கேங்குக்கு ஜல்லி போடும் வேலை வந்தது. புது கேட் இயங்கிக்கொண்டிருந்தது. சின்னராசு பொத்தானை அழுத்தினான், மணி அடித்தது, கம்பம் தானாக இறங்கியது. அது முழுசாக இறங்கிப் பூட்டிக்கொண்ட பிறகுதான் தூரத்தில் சிக்னல் பச்சையானது. போனும் இல்லை, எண்ணும் இல்லை. சின்னராசு அவளைப் பார்க்காத மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தான்.

கம்பத்துக்கு வெளியே டெம்போ வந்து நின்றது. சஹாபுதீன் ஹார்னை அழுத்தினான். யாரும் திரும்பவில்லை. மறுபடி அழுத்தினான்.

"ஏய், இன்னாமே!" என்றான், மண்வெட்டியோடு நின்றவளைப் பார்த்து. "நீயாவது திட்டுவ. இது பேசவே மாட்டேங்குது. ரயிலு இன்னும் டேசன்கூட தாண்டல. தொறக்கச் சொல்லு அவன்கிட்ட."

"அவனாலயும் முடியாது. ரயில் போனாத்தான் தொறக்கும்."

"இன்னா பேஜாருடா இது. எறா நாறிடும்மே."

"நாறட்டும்" என்றாள் பூவம்மாள். ஜல்லியை வாரி ஸ்லீப்பருக்கு நடுவே கொட்டினாள்.