உமிச் சாக்கும் மூன்றாவது முறைப்பாடும்

இணையத்தில் சாமான் விற்கிறவர்களுக்கு இரண்டு கவலைகள்தான்: பார்சல் இன்னும் போய்ச் சேரவில்லையே என்பது ஒன்று, போய்ச் சேர்ந்துவிட்டதே என்பது மற்றது. என்னைப் போல் குசினி மேசையில் பெட்டி கட்டிக்கொண்டு, தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துச் சோறு ஆக்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதுச் செய்தி வந்த சத்தம் கேட்டால் நீங்களும் அகப்பையைப் போட்டுவிட்டுத்தானே ஓடுகிறீர்கள்.

நான் விற்பது பழைய பீங்கான் சாமான். திருகோணமலையை விட்டு வெளிநாடு போகிறவர்களும் இடமாற்றம் கிடைத்துப் போகிறவர்களும் அலுமாரியோடு விட்டுவிட்டுப் போகிற தேநீர்ச் செட், சோற்றுக் கோப்பை, கண்ணாடிக் கிண்ணம் எல்லாம் லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு வரும். நான் கழுவித் துடைத்துப் படம் எடுத்துப் போடுவேன், நாலாபக்கமும் போகும். நான் விற்கிற இணையச் சந்தையில் ஒரு சட்டம் இருக்கிறது. வாங்கியவர்கள் குறை சொல்லிப் போடுகிற முறைப்பாடு ஒரு வருடத்துக்குள் மூன்று வந்தால் கடையை மூடிவிடுவார்கள். எனக்கு இரண்டு வந்துவிட்டன.

கடை மூடினால் நான் திரும்பவும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார், ஆனால் எங்கள் சந்தியில் ஏறுகிற ஆட்களைவிட நிற்கிற ஓட்டோக்கள்தான் அதிகம். முந்தி ஒருதரம் போனவள்தான் நான். மகள் யாழினி நடை பழகிய கையோடு போனேன். திரும்பி வந்தபோது அவள் பள்ளிக்கூடச் சட்டையோடு வாசலில் நின்று, யாரோ வீட்டுக்கு வந்த பெண்ணைக் கூப்பிடுவதுபோல் என்னை “அன்ரி” என்று கூப்பிட்டாள். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆகவே இந்தக் கதைகளை நீங்கள் சிரித்துக்கொண்டு வாசிக்கலாம், நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி விலை

எங்கள் தொழிலில் முதல் விலையை ஒருவரும் கேட்பதில்லை. வணக்கம்கூட இல்லாமல் “கடைசி விலை?” என்றுதான் தொடங்குவார்கள். கண்ணாடி ஜக் ஒன்றுக்கு வந்த ஒருவர் எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்டார். ஏலாது என்றேன். சரி, முழு விலை தருகிறேன், அனுப்புகிற செலவு உங்களுடையது என்றார். கண்ணாடியைத் தராசில் நிறுத்து அனுப்புகிறவர்களுக்குத் தெரியும், அதுவும் பாதி விலைதான். மறுத்தால் கோபத்தில் எதையாவது எழுதிவிடுவாரோ என்ற பயத்தில் காலையில் ஒரு படி இறங்கினேன், பின்னேரம் இன்னொரு படி இறங்கினேன். அடியைக் காட்டுங்கோ, பிடியைக் காட்டுங்கோ, வெயிலில் வைத்துக் காட்டுங்கோ என்று படமும் கேட்டார். அடுப்பில் இருந்த கறியைப் பாதியில் விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினேன்.

கடைசியில் அவர் சொன்ன விலைக்கே சம்மதித்து முகவரி கேட்டேன். முகவரி வரவில்லை. பிறகு எழுதினார்: “நான் வாங்கிறதுக்கு இல்லை அக்கா. எங்கட வீட்டிலயும் இதே ஜக் ஒண்டு கிடக்கு, என்ன விலைக்கு விக்கலாம் எண்டு பார்த்தனான்.”

மூடி

முதலாவது முறைப்பாடு ஒரு மூடியால் வந்தது. மட்டக்களப்பில் ஒரு அம்மா பீங்கான் தேநீர்க் கேத்தல் வாங்கினா. மூடி இடிபடக் கூடாதென்று அதைத் தனியாகப் பத்திரிகைத் தாளில் சுற்றோ சுற்றென்று சுற்றி, கசங்கிய வேறு தாள்களோடு பெட்டியின் மூலையில் வைத்தேன். அவ கேத்தலை எடுத்துக்கொண்டு தாள்களை எறிந்துவிட்டு, மூடி இல்லாத சாமானை அனுப்பி ஏமாற்றிவிட்டேன் என்று அன்றைக்கே முறைப்பாடு போட்டுவிட்டா. நான் படம் அனுப்பினேன், சத்தியம் பண்ணினேன், பிள்ளையாரையும் இழுத்தேன். அவ நம்பவில்லை.

முறைப்பாட்டைப் போட்டவர்தான் அதைத் திரும்ப எடுக்கலாம். சில நாட்கள் கழித்து அந்த அம்மாவே தொலைபேசி எடுத்தா: “மூடி குப்பை வாளிக்குள்ள பேப்பரோட கிடந்தது மகள். போட்ட முறைப்பாட்டை எப்பிடி எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியாது, நீங்களே எடுத்துப்போடுங்கோ.”

கவனம், கண்ணாடி

இரண்டாவது முறைப்பாட்டில் எனக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை. கொழும்புக்கு அனுப்பிய கண்ணாடிக் கிண்ணங்கள் தூளாகத்தான் போய்ச் சேர்ந்தன. வாங்கியவர் துண்டுகளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பெட்டியின் எல்லாப் பக்கத்திலும், மேலும் கீழும், சிவப்பு மையால் மூன்று மொழியிலும் ‘கவனம், கண்ணாடி’ என்று எழுதித்தான் அனுப்பினேன். எழுதாத இடம் பெட்டியின் உட்பக்கம் மட்டும்தான்.

எங்கள் பக்கத்துப் பார்சல்களை வான் வண்டியில் வந்து எடுக்கிறவர் சலீம் நானா, கிண்ணியா ஆள், கூரியரில் பழம் தின்று கொட்டை போட்டவர். அழாத குறையாக அவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, கண்ணாடி எண்டு எழுதினா உடைஞ்சிருக்கோ எண்டு ஆளுக்கு ஒருக்காக் குலுக்கிப் பாப்பாங்க. இரும்பு எண்டு எழுதுங்க, முதுகு நோகும் எண்டு ஒருத்தரும் விளையாட்டுக்குத் தூக்க மாட்டாங்க.”

அவவுக்குத் தெரியாமல்

பார்சலைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குகிற முறையைக் கண்டுபிடித்தவர் பீங்கான் விற்றிருக்க மாட்டார். வாசலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போன செலவும் திரும்பி வந்த செலவும் விற்கிறவர் தலையில். வவுனியாவில் ஒரு தம்பி மனைவியின் பிறந்தநாளுக்குத் தேநீர்ச் செட் ஒன்று இப்படிக் கேட்டார். பெட்டி போன நேரம் வீட்டில் மனைவிதான். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, யாரோ ஏமாற்றுக்காரர் அனுப்பியிருக்கிறார் என்று சொல்லித் திருப்பிவிட்டா. ஏமாற்றுக்காரர் என்ற சொல்லைக் கேட்டதும் அவ எங்கேயாவது எழுதியும் போட்டுவிட்டாவோ என்று நான் என் கடைப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன்.

தம்பியிடம் முதலே மனைவிக்கு ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் ஆறுதலாகப் பதில் சொன்னார்: “இன்னொருக்கா அனுப்புங்கோ அக்கா. இந்த முறை அவவின்ர பேருக்கே அனுப்புங்கோ, ஆனா அவவுக்குத் தெரியக் கூடாது.”

உமி

கிண்ணங்கள் உடைந்த பிறகு சலீம் நானாதான் வழி சொன்னார். அவருடைய மச்சானுக்குத் தம்பலகாமத்தில் நெல் குத்துகிற மில் இருக்கிறது. அங்கே மலையாகக் குவிந்து கிடக்கிற உமியில் ஒரு சாக்கு கொண்டுவந்து குசினி மூலையில் வைத்தார். பெட்டியின் அடியில் உமி, கோப்பைக்குள் உமி, கோப்பைகளுக்கு நடுவில் உமி. கை விட்டால் அரிக்கும் என்பதால் ஒரு பழைய அலுமினியச் சட்டியால் அள்ளி அள்ளிக் கொட்டுவேன். அதற்குப் பிறகு ஒரு விளிம்புகூட உடையவில்லை. வாங்கியவர்கள் வீடு கூட்டிக் களைத்தார்கள், ஆனால் முறைப்பாடு போடவில்லை.

நான் நிம்மதியாக இருந்தது மாரி மழை தொடங்கும் வரைக்கும்தான். மில் உமியில் தப்பின நெல்லும் கிடக்கும் என்று பட்டணத்தில் வளர்ந்த எனக்கு யார் சொன்னார்கள்? சாவகச்சேரிக்குப் போன பெட்டி ஒன்று வெள்ளத்தில் வீதி மூடப்பட்டு, எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் ஈரத்தில் கிடந்திருக்கிறது. வாங்கிய பெண் படம் அனுப்பினா. பெட்டியின் மூலையெல்லாம் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது. மூன்றாவது வந்துவிட்டது என்றே நினைத்து மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினேன். அதற்குள் அவவே எழுதினா: “கிண்ணம் ரெண்டும் நல்லாயிருக்கு. இந்த நாத்தை இப்பவே பிடுங்கி நடுறதோ, இன்னும் கொஞ்சம் வளர விடுறதோ?”

குவைத்தில் ஒரு நல்ல வீடு

பெயருக்குப் பக்கத்தில் இரண்டு முறைப்பாடு நிற்கிற கடையில் யார் வாங்குவார்கள்? விற்பனை படுத்துவிட்டது. மழையில் ஓட்டோவும் படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் தொலைபேசி எடுத்தார். குவைத்தில் நல்ல வீடு, கிழவனும் கிழவியும் மட்டும், பாஸ்போட்டைத் தந்தால் மிச்சத்தைத் தான் பார்க்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வராததில் எனக்கு என்மேல் இன்னும் கோபம்தான். மேசையில் எழுதிக்கொண்டிருந்த யாழினி தலை நிமிரவில்லை. கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் நேரில் வரப்போகிறார் என்றதும் அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் எப்போதும் இருக்கிற பாஸ்போட்டைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கணவரில் சந்தேகப்பட்டு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவர் பிள்ளைமேல் சத்தியம் பண்ணினார். அந்தப் பிள்ளையும் எங்களோடு சேர்ந்து மெத்தையைத் தூக்கித் தேடியது. ஏஜென்சிக்காரர் வந்து, கதிரையில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார்: “ஆறுதலாத் தேடி எடுங்கோ அக்கா. ஆனா குவைத்தில அவையள் ஆறுதலா இருக்க மாட்டினம், வேற ஆளைப் பிடிச்சிடுவினம்.”

பேரம் பேசாதவர்

ஏஜென்சிக்காரர் முதல் பேசியதற்கும் வீட்டுக்கு வந்ததற்கும் நடுவில் ஒரு பெரிய விற்பனை நடந்தது. பதுளையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் முழுச் சாப்பாட்டுச் செட்டையும் கேட்டா. கடைசி விலை கேட்கவில்லை, வெயிலில் வைத்த படம் கேட்கவில்லை, அனுப்புகிற செலவையும் சேர்த்து முதலே கட்டிவிட்டா. பேரம் பேசுகிறவரை நம்பலாம், அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும். பேசாமல் வாங்குகிறவர் எல்லாவற்றையும் மனதுக்குள் வைத்திருந்து பிறகு முறைப்பாட்டில்தான் கொட்டுவார். இந்தப் பயத்தில் சாக்கில் இருந்த உமி முழுவதையும் அந்தப் பெட்டிக்கே போட்டேன். அடியில் கிடந்த மிச்சத்தைச் சாக்கோடு தூக்கிக் கவிழ்த்து, மூடி ஒட்டி, ‘இரும்பு’ என்று எழுதி சலீம் நானாவிடம் கொடுத்தேன்.

பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தொலைபேசி காட்டியது. ரீச்சரிடமிருந்து ஒரு சொல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பாஸ்போட்டும் இல்லை, பதிலும் இல்லை. கடை மூடினால் இங்கே வழியில்லை, பாஸ்போட் இல்லாமல் அங்கேயும் வழியில்லை. குசினியில் நின்று வெங்காயம் உரிக்கிற சாட்டில் நன்றாக அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது செய்தி வந்த சத்தம் கேட்டது. திறக்கப் பயந்து கொஞ்ச நேரம் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் திறந்தேன். ஒரு படம். என் சூப்புக் கோப்பை, அதற்குள் கொஞ்சம் உமி, உமிக்கு மேல் என் பாஸ்போட். கீழே எழுதியிருந்தா: “ஊருக்குப் போயிட்டு இன்னைக்குத்தான் பெட்டியத் தொறந்தேன். ஒண்ணும் ஒடையல. இது செட்டோட சேந்ததா அக்கா, இல்ல தனி வெலையா?”

நான் யாழினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மறைக்கவில்லை. “நீங்கள் சட்டியாலதானே அள்ளுறனீங்கள். சாக்குக்குள்ள கை விட மாட்டீங்கள் எண்டு அடியில வைச்சனான்” என்றாள். ஏசுவதற்கு வாய் திறந்தேன். அதற்கு முதல் அவள் சொல்லி முடித்துவிட்டாள்: “நீங்கள் போனால் திரும்பி வரேக்குள்ள நான் அன்ரி எண்டுதான் கூப்பிடுவன்.”

ஏச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெங்காயக் கையோடு, ரீச்சருக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அது செட்டில் சேர்ந்ததில்லை, பிள்ளை வைத்தது, தயவுசெய்து முறைப்பாடு போட்டுவிடாதீர்கள், மூன்றாவது வந்தால் அந்தப் பாஸ்போட்டை நான் பாவிக்க வேண்டி வரும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதிலுக்கு முதலில் ஐந்து நட்சத்திரம் வந்தது. பிறகுதான் கேள்வி வந்தது: “நாளைக்கே அவசரக் கூரியர்ல போடவா, இல்ல சாதாரணத் தபால்ல மெதுவா அனுப்பவா?”

இத்தனை காலமும் ஒவ்வொரு பார்சலும் வேளைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நேர்த்திக்கடன் வைத்த நான், பதுளையிலிருந்து சாதாரணத் தபாலில் வருகிற இந்த ஒன்றுக்கு மட்டும் வழியெல்லாம் வெள்ளம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.