ஒன்றும் நான்கும் சமம்

முப்பத்தாறு வயதில் பிஎச்.டி. சேர்ந்தேன். அதற்கு முன் பதினோரு வருடமாக ஹைதராபாத் அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் பொறியியல் நுழைவுத் தேர்வுக்குக் கணக்கு வாத்தியார். சேர்ந்த பிறகும் காலை ஆறு மணி வகுப்பை விடவில்லை. அங்கே என் புகழுக்குக் காரணம் அறிவு அல்ல, வேகம். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் சிவப்பு மார்க்கரால் சர்ரென்று ஆளுக்கொரு கோடு. "கொட்டேயண்டி மேடம்" என்று தெலுங்கில் பின் பெஞ்சு குரல் கொடுக்கும். அடித்துவிடுங்கள் என்று அர்த்தம். கேட்டதும் எனக்குக் குஷி வந்துவிடும்.

முதல் செமஸ்டரிலேயே அல்ஜீப்ராவில் வளையங்களும் மாட்யூல்களும் வந்து சேர்ந்தன. வளையம் என்பது ஒரு எண் கூட்டம், அதில் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். வகுக்க முடியும் என்று மட்டும் யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அந்த வளையத்து எண்களால் பெருக்கினால் கோபித்துக்கொள்ளாத பொருட்களின் கூட்டம்தான் மாட்யூல். பார்க்க, கல்லூரியில் படித்த வெக்டர் வெளி மாதிரியே சாதுவாக இருக்கும். பழகினால்தான் குணம் தெரியும்.

எழுத்துத் தேர்வில் எனக்கு வாய்த்தது, ஆறு வந்ததும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும் எண்களின் வளையம். அங்கே இரண்டை ஒன்றால் பெருக்கினால் இரண்டு. நான்கால் பெருக்கினால் எட்டு, அதாவது மறுபடியும் இரண்டுதான். இரண்டு பக்கமும் பொதுவாக ஓர் இரண்டு நின்றதைப் பார்த்த பிறகு என் கை சும்மா இருக்குமா? அடித்தேன். மிச்சம், ஒன்றும் நான்கும் சமம். அதற்குக் கட்டம் வேறு கட்டியிருந்தேன். அங்கே இரண்டை மூன்றால் பெருக்கினால் பூஜ்ஜியமே வந்துவிடும், அதனால் இரண்டை அடிக்கவே கூடாது.

பெயிலாகிவிட்டேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, வாய்மொழித் தேர்வு. அதிலும் போனால் பிஎச்.டி. இடம் போய்விடும். பாடம் புரியாமல் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். கைப் பழக்கத்தால் தோற்றது அவமானமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் இதே ஊரில் மௌலா அலி ஸ்டாஃப் காலனியில் வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி ஹைதராபாத் ஹிந்திதான். அல்ஜீப்ரா அவருக்குச் சுத்தமாகத் தெரியாது என்பதே என் கைப் பழக்கத்தை முறிக்கப் பெரிய தகுதியாகப் பட்டது. மாலையில் நான் போர்டில் எழுத வேண்டியது, எதையாவது அடிக்கும்போதெல்லாம் அவர் "கைக்கு?" என்று கேட்க வேண்டியது. ஏன் என்று அர்த்தம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். காரணம் சொன்னால்தான் அடிக்கலாம். முதல் வாரம் கத்தியோடு இருக்கிறாரே என்றுதான் அடக்கி வாசித்தேன்.

வைத்தியம் வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. ஆறு மணி வகுப்பில் இரண்டு பக்கமும் மூன்று நின்றது. மார்க்கரைத் தூக்கியவள், மூன்று பூஜ்ஜியம் அல்ல, இவை சாதாரண எண்கள், அதனால் அடிக்கலாம் என்று விளக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்கள். சென்டர் முதலாளி கூப்பிட்டு, போர்ஷன் எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார்.

வாய்மொழித் தேர்வில் இரண்டு பேர். ஒரு வயதான பேராசிரியர், பேசாமல் குறிப்பெடுக்கும் ஒரு மேடம். அச்சடித்த கேள்வியைக் கொடுத்தார்கள். ஒரு நல்ல மாட்யூல், அதன் ஒவ்வொரு பொருளையும் வளையத்து எண்களின் பட்டியலாக எழுதிவிடலாம். பூஜ்ஜியம் அல்லாத ஓர் எண்ணால் இரண்டு பொருட்களைப் பெருக்கினால் இரண்டுக்கும் ஒரே விடை. அப்படியானால் இரண்டும் ஒரே பொருள்தான் என்று நிறுவுக.

பட்டியலாக எழுதினேன். கடைசி வரியில் இரண்டு பக்கமும் அதே எண் நின்றது. கை பாதி தூரம் போய்விட்டது. அங்கேயே நிறுத்தினேன்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிறது, அடித்துவிட்டு மேலே போங்கள் என்றார். பெரியவர் சொல்கிறார், அடித்தால் என்ன? அடிக்காமல் தப்பாகிப் போனால் இடம் போகும்.

"சார், இதில் அடிக்க முடியாது. பூஜ்ஜியம் அல்லாத இரண்டு எண்களைப் பெருக்கினால் பூஜ்ஜியம் வராத வளையம் என்று கேள்வியில் சொல்லவில்லை" என்றேன்.

இருவரும் தாளை வாங்கிப் படித்தார்கள். அந்த நிபந்தனை அதில் இல்லைதான். வேண்டுமென்றே விட்டார்களா, டைப் செய்யும்போது விட்டுப்போனதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நிபந்தனை இல்லாவிட்டால் கூற்று எங்கே உடையும் என்று காட்டச் சொன்னார்கள், காட்டினேன். அதைச் சேர்த்து நிறுவச் சொன்னார்கள், அதையும் செய்தேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

மேடம்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "பாஸ். என்னிடம் ஆராய்ச்சிக்கு வருவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ரொம்ப மெதுவாகத்தான் போவேன். பரவாயில்லையா?"

சரி மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. மெதுவாகப் போகலாம் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை.